செல்லாயியின் கிடாவும் சிவப்புப் பூமரமும்

பதுளைக்காரனுக்கு மலை ஒன்றும் புதிதில்லை. எங்கள் கடை வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை முகத்தில் இடிக்கும். ஆனாலும் பண்டாரவளைக்கு அப்பால், ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற மேல்மலைக்கு இந்தப் பங்குனி வரைக்கும் நான் போனதில்லை. போய் வந்துவிட்டேன். போகாதவர்களுக்குச் சொல்ல என்னிடம் விஷயம் இருக்கிறது என்கிற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். நம்பிக்கைக்கு எனக்கு எப்போதும் குறைவில்லை என்று என் மனைவி சொல்வாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை.

எங்களுடையது பூஜைச் சாமான் கடை. ஓகியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. துரைமார் அதற்கு ஏதோ சீமைப் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே அடிக்கிற குளிருக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் கூதல் தோட்டம். அங்கே நடக்கிற மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கற்பூரம், சாம்பிராணி, மஞ்சள், குங்குமம், கூடை கூடையாகச் செவ்வந்திப் பூ எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். தோட்டத்துப் பெரிய கங்காணி மாரிமுத்து கடைக்கு வரும்போதெல்லாம், "மொதலாளி ஒரு தடவையாவது எங்க திருவிழாவுக்கு வரணும்" என்று கூப்பிடுவார். நானும் "வராமலா, வருவோம்" என்பேன். இந்த வருஷம் சரக்கோடு சரக்காக நானும் கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் வண்டி பூட்டியாயிற்று. ரயில் இன்னும் பதுளைக்கு வரவில்லை, பண்டாரவளையோடு நிற்கிறது. அதுவரை பதினெட்டு மைலுக்குக் குறையாத ஏற்றம், மாட்டு வண்டிக்கு வாடகை மூன்று ரூபாய். வண்டிக்காரர் கருப்பையா பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னங்க மொதலாளி, இம்புட்டுப் பூவு? கல்யாணமா, கருமாதியா?"

"திருவிழாப்பா."

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல" என்று சொல்லி மாட்டைத் தட்டினார்.

ஹாலிஎலையில் காலைச் சாப்பாடு, தெமோதரையில் மாட்டுக்குத் தண்ணீர். கும்பல்வெல ஏற்றத்தில் மாடுகள் நின்றுவிட்டன. நானும் இறங்கி வண்டியைத் தள்ளினேன். வாடகையையும் கொடுத்து வண்டியையும் தள்ளுகிற பாக்கியம் ஊவா மாகாணத்தில்தான் கிடைக்கும். எல்ல என்கிற ஊர்ப் பக்கம் மலை இரண்டாகப் பிளந்து, அந்தச் சந்து வழியே கீழ்நாடு நீலமாகத் தெரிந்தது. நின்று பார்க்க ஆசைதான். பூ வாடிவிடுமே என்கிற கவலை நிற்க விடவில்லை. சாயங்காலம் பண்டாரவளை சேர்ந்து, தெரிந்த ஒருவர் கடையில் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயில். மூன்றாம் வகுப்பு, எழுபது சதம், கூடைகளுக்குத் தனிக் கூலி. தியத்தலாவை, ஹப்புத்தளை வரைக்கும் இருபுறமும் தேயிலை. சீவிவிட்ட தலைமாதிரி ஒழுங்கான தேயிலை. ஹப்புத்தளையில் மூடுபனி வண்டிக்குள்ளேயே ஏறிக்கொண்டது, அதற்குச் சீட்டும் கிடையாது. இதல்கசின்னை ஸ்டேஷனில் இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம். மலை முதுகின் மேல் ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி இரண்டு மூன்று குகைகளுக்குள் நுழைந்து வெளியே வந்தபோதுதான் அந்த மரத்தை முதல்முதலாகப் பார்த்தேன்.

புல்மேட்டில் தனியாக நின்றது. முறுக்கிக்கொண்ட அடிமரம், அதில் பாசி. இலை கறுத்த பச்சை, தடிப்பு, தோல் செருப்பு மாதிரி விறைப்பு. அத்தனை அழகில்லாத ஒரு மரத்தின் ஒவ்வொரு கிளை நுனியிலும் கைப்பிடி அளவுக்குக் கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பில் பூ. ஒரு பூவை மட்டும் பார்த்தால் சின்ன மணி கவிழ்ந்த வடிவம். பூ விற்றுப் பிழைக்கிற எனக்கு அதன் பெயர் தெரியவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

எதிரில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு சிங்களப் பெரியவரிடம் கைகாட்டிக் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "மஹ ரத்மல்" என்றார். கடைக்கு ஆகிற அளவு சிங்களம் எனக்கு வரும். பெரிய சிவப்புப் பூ என்று அர்த்தம். பெயர் வைத்தவர் அதிகம் சிரமப்படவில்லை. "எதற்காகும்?" என்றேன். அவர் சிரித்து, "பார்க்க" என்றார்.

ஓகியா ஸ்டேஷனில் மாரிமுத்துக் கங்காணி கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். கூட வந்த நாலைந்து ஆட்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து மூன்று மைல் நடை, அத்தனையும் ஏற்றம். கங்காணி வெற்றிலைப் பை குலுங்க முன்னால் போனார், நான் பின்னால் மூச்சிரைத்தேன். வழியெல்லாம் அந்தச் சிவப்பு மரம். கங்காணியிடம் கேட்டேன்.

"அதுங்களா? காட்டுப் பூவரசு."

"பூவரசா! பூவரசம் பூ மஞ்சள், இலை அரச இலை மாதிரி. இதில் எதுங்க பூவரசு?"

கங்காணி கோபிக்கவில்லை. "எங்க ஐயாமாரு கடல் தாண்டி வந்தப்ப இங்க இருந்த ஒண்ணுக்கும் பேரு தெரியலைங்க. ஊருல தெரிஞ்ச பேர எடுத்து எது எதுக்கோ வச்சிட்டாங்க. பேரு தெரியாத காட்டுல எப்படிங்க படுத்துத் தூங்குறது?" என்றார்.

அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அது பூவரசு இல்லை என்பதை இன்னும் இரண்டு முறை சொல்லிக்கொண்டேதான் நடந்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கங்காணி என்னைத் துரை பங்களாவுக்குக் கூட்டிப் போனார். தோட்டத்துக்குள் வருகிற வெளியாள் துரைக்கு ஒரு சலாம் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே முறை. துரை கொழுந்து மலையைப் பார்க்கப் போயிருந்தார். சலாம் வைக்கிற வேலை மிச்சமாயிற்று. பங்களாவின் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சவரிமுத்து என்பவர் என்னைச் சுற்றிக் காட்டினார். கிறிஸ்து வேதக்காரர், நல்ல பேச்சுக்காரர். ரோஜா, டேலியா எல்லாம் தாண்டி ஒரு மூலையில் இடுப்புயரச் செடிகள் வரிசையாக நின்றன. ஊதாப் பூக்கொத்து. இலையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதே விறைப்பு, அதே செருப்புத் தோல்.

"இது அந்தச் சிவப்பு மரத்துக்குச் சொந்தமோ?"

"பங்காளிங்க!" என்றார் சவரிமுத்து. "அது மலையில மொளச்ச மரம், இது சீமையிலேர்ந்து கப்பல்ல வந்த செடி. ரெண்டுக்கும் ஒரே பேருதான். ரோடோடென்ட்ரான். அப்படின்னா ரோசா மரம்னு அர்த்தமாம். தொரசாணி சொன்னாங்க."

நான் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கடவாய்ப் பல் வரைக்கும் வேலை கொடுக்கிற பெயர். ரோஜாவும் இல்லை, பூவரசும் இல்லை. ஆளுக்காள் தனக்குத் தெரிந்த பூவின் பெயரை இதன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தச் செடிகளைச் சுற்றி மட்டும் முள்கம்பி வேலி போட்டிருந்தது. அவ்வளவு உசத்தியான பூவா என்று கேட்டேன்.

"வேலி பூவக் காப்பாத்த இல்லைங்க, மாட்டக் காப்பாத்த. போன வருசம் தொர வீட்டுப் பசு ரெண்டு இதத் தின்னுபுடுச்சு. வாயில நொர தள்ளி, ஒடம்பு வெடவெடன்னு நடுங்கி, ஒண்ணு செத்தே போச்சு. இன்னொண்ணுக்குத் தொரசாணி கருகருன்னு தேத்தண்ணி காச்சி ஊத்தச் சொன்னாங்க. அவங்க ஊருல ஆட்டுக்காரங்க அப்படித்தான் செய்வாங்களாம். அது பொழச்சிக்கிருச்சு."

"மாட்டுக்குத் தேநீரா! சீனி போட்டா, போடாமலா?" என்று கேட்டுச் சிரித்தேன். சவரிமுத்துவும் சிரித்தார்.

அன்று மாலை கோயிலில் காப்புக் கட்டினார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வரிசைகளுக்கு மேலே, தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்கள் மூன்று. இரண்டு கங்காணியுடையவை. நான் கொண்டுபோன செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டு கடைவீதி மாப்பிள்ளைமாதிரி நின்றன. மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பின்னாலேயே எட்டு வயதுச் சிறுமி. கிடாவின் கழுத்திலும் கொம்பிலும் அந்தச் சிவப்புப் பூ. வெறும் புல்லில் தொடுத்த மாலைதான். ஆனால் என் செவ்வந்தி அதன் பக்கத்தில் நரைத்துப் போய்த் தெரிந்தது.

"கடைப் பூ வாங்கலையாம்மா?" என்று கேட்டேன். வியாபாரி புத்தி.

"கடைப் பூவு எதுக்குங்க? மலையே பூத்துக் கெடக்கு" என்றாள் அவள், ஒரு வெட்டு வெட்டி.

அவள் பெயர் செல்லாயி, கொழுந்து பறிக்கிறவள். கங்காணி அவள் கதையைச் சொன்னார். முதல் இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் போய்விட்டன. மூன்றாவது இந்தப் பொன்னி. போன வருஷம் இவளுக்கும் அதே காய்ச்சல் வந்து, கண் செருகிவிட்டது. செல்லாயி மாரியாத்தாவுக்குக் கிடா நேர்ந்துகொண்டாள். அதோடு நிற்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேதக்கார ஆஸ்பத்திரிக்கும் ஓடினாள். அங்கே மருந்தும் கொடுத்தார்கள், அவர்கள் கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றச் சொன்னார்கள். இரண்டையும் செய்தாள். பொன்னி பிழைத்தாள். குட்டியாக வாங்கிய கிடாவைச் செல்லாயி ஒரு வருஷமாக வளர்த்து இப்போது கொண்டுவந்திருக்கிறாள்.

காப்புக் கட்டிய கிடா அம்மனுடையது. அதை மேய விடக்கூடாது. நேர்ந்துகொண்டவர் கையால் கொடுப்பதைத்தான் அது தின்ன வேண்டும். இது கூதல் தோட்டத்தில் கண்டிப்பான முறை. கங்காணி வீட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை, அவர்கள் அறுத்துத் தர, நேர்ந்துகொண்ட அவர் மனைவி மணிக்கொரு தரம் கிடாய்களுக்குப் புல் கொண்டுவந்து நீட்டினாள். செல்லாயி வீட்டில் அவள்தான் ஆள்.

சனிக்கிழமை காலை பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். பெரட்டு என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். திருவிழாவுக்கு முதல்நாள் அரைநாள் வேலை உண்டு. செல்லாயி கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கிடா காலையிலிருந்து பட்டினியாகக் கோயில் வாசலில் கத்திக்கொண்டு நின்றது. இரக்கப்பட்டு யாராவது ஒரு பிடி புல் கொடுத்திருந்தால் முறை கெட்டிருக்கும், ஆகையால் யாரும் கொடுக்கவில்லை. பகல் திரும்பியதும் அவள் ஓடி வந்தாள். மாலை கட்டி மிஞ்சிய கிளைகள் ஒரு கட்டு அங்கேயே கிடந்தன. புல் அறுக்க நேரமில்லை, பசியில் கத்துகிற வாயில்லாச் சீவன் எதிரில். ஊரில் பூவரசங் குழையென்றால் ஆடு விழுந்து விழுந்து தின்னும் என்று அவளுடைய ஆத்தா சொல்லக் கேட்டவள். கட்டைப் பிரித்துத் தன் கையாலேயே ஊட்டினாள். கிடா முதலில் முகத்தைத் திருப்பியது. பிறகு பசி ஜெயித்தது.

நாலு மணி இருக்கும். நான் கங்காணி வீட்டு வாசலில் அமர்ந்து சாம்பிராணியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் பக்கம் கூச்சல். போய்ப் பார்த்தால் செல்லாயியின் கிடா நாலு காலையும் அகட்டிக்கொண்டு நிற்க முடியாமல் தள்ளாடுகிறது. வாயில் நுரை. பல்லை நறநறவென்று கடிக்கிறது. தின்றதைப் பச்சையாகக் கக்கிவிட்டு, முனகிக்கொண்டு முழங்காலில் விழுந்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் நடுக்கம்.

அதுவரை மேளக்காரர்களோடு வாதாடிக்கொண்டிருந்த பூசாரி வேலன் வந்து பார்த்தார். மெலிந்த மனிதர், பெரிய குரல்.

"ஆத்தா எடுத்துக்கல" என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் பின்வாங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ரெண்டு வாசல்ல கும்புட்டா எந்தச் சாமிதான் பொறுக்கும்?" என்றது. இன்னொருத்தி, "மெழுகுவர்த்தி ஏத்துனவதானே" என்றாள். நேற்று என்னை வெட்டிப் பேசிய செல்லாயியா இவள் என்று இருந்தது. பொன்னியை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டு, "ஆத்தா, எம்மேல கோவம்னா என்னைய எடுத்துக்க, என்னைய எடுத்துக்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கிடா போனால் இன்னொரு கிடா. அவள் கண்ணில் அங்கே விழுந்து கிடந்தது கிடா இல்லை. எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் துக்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

மிச்சமாகக் கிடந்த கிளையைத் தூக்கிக் காட்டினேன். இலையெல்லாம் உருவித் தின்றிருந்தது.

"பூசாரி, இதைத் தின்றிருக்கிறது. இது பூவரசு இல்லை. பங்களாவில் இதே இனத்துச் செடியைத் தின்றுதான் துரை வீட்டுப் பசு செத்தது. இதே நுரை, இதே நடுக்கம். கங்காணி கிடா இரண்டும் புல்லைத் தின்றுவிட்டு நன்றாக நிற்கிறதே, பாரும்!"

"மொதலாளி, சாமான் விக்கிறது ஒங்க வேல. ஆத்தா மனசு தெரிஞ்சு சொல்றது என் வேல."

"ஆத்தா மனசு உமக்குத் தெரியட்டும். ஆட்டு வயிறு எனக்குத் தெரியும்" என்றேன். ஆட்டு வயிற்றைப் பற்றி எனக்கு அதற்கு முதல்நாள்தான் தெரியும். அதை அங்கே சொல்லவேண்டிய அவசியமில்லை.

"அரளிய மாலையா கட்டிப் போடுறோம். ஆத்தாளுக்கு உகந்த பூவு. அதுல வெசம் இருக்குன்னு யாரும் சாமிய விட்டுப்புட்டாங்களா?" என்றார் பூசாரி.

"அரளி விஷம் என்று தெரிந்துதானே ஆட்டுக்கு ஊட்டாமல் இருக்கிறோம்! இதன் குணம் நமக்குத் தெரியாது. பெயரை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டோம்" என்றேன்.

அவர் கிளையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஒப்புக்கொண்டு அல்ல, யோசித்துக்கொண்டு. அந்த இடைவெளி போதும் எனக்கு. கங்காணியிடம் திரும்பி, "நல்ல தேயிலை வேண்டும். தூள் இல்லை, நல்ல தேயிலை. கருகருவென்று ஒரு சட்டி" என்றேன். தோட்டத்து ஜனங்கள் வீட்டில் குடிப்பது துரைமார் கழித்துவிட்ட தூசி. முதல்தரத் தேயிலை அந்த லயங்களில் ஒரே இடத்தில்தான் இருந்தது, கங்காணி வீட்டுத் தகர டப்பாவில், பெரிய மனிதர்கள் வந்தால் போட. நேற்று எனக்கே அதிலிருந்து அளந்துதான் போட்டார்கள். கங்காணி தன் மனைவியைப் பார்த்தார், மனைவி டப்பாவைப் பார்த்தாள், நான் இருவரையும் பார்த்தேன். டப்பா வந்தது. அப்படியே கவிழ்த்தார்கள்.

மூங்கில் குழாயில் ஊற்றி வாயைப் பிளந்து கொடுக்க வேண்டும். செல்லாயி அசையாமல் நின்றாள். "காப்புக் கட்டின கிடா. நீ கொடுத்தால்தானே குடிக்கலாம்? வாம்மா" என்றேன். அந்தப் பேச்சு அவளை எழுப்பியது. தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். முதல் குழாய் திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது நின்றது. இருட்டுகிற வரைக்கும் விட்டு விட்டு ஊற்றினோம். நடுக்கம் நின்றதா, குளிரில் எங்களுக்கு நடுங்கியதில் கிடாவின் நடுக்கம் தெரியவில்லையா, சொல்ல முடியாது. அதன்மேல் செல்லாயி தன் கம்பளியைப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கிடா எழுந்து நின்று, செல்லாயி கையிலிருந்து புல் தின்றுகொண்டிருந்தது. அவள் என்னைக் கும்பிட்டாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். எனக்கு இருந்த பெருமையை மறைத்து எழுத மாட்டேன்.

ஆனால் விஷயம் முடியவில்லை. உச்சிப் பொழுதில் பலி. கிடாவின் மேல் மஞ்சள் நீரைத் தெளிப்பார்கள். அது உடம்பு முழுதும் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் அம்மன் சம்மதம். உதறாத கிடாயை வெட்டக்கூடாது. கங்காணி கிடாய்கள் இரண்டும் செம்பு கவிழ்ந்தவுடனே உதறின, காரியம் முடிந்தது. மூன்றாவதாகச் செல்லாயியின் கிடா.

பூசாரி முதல் செம்பைத் தெளித்தார். கிடா நின்றது. மேளம் உச்சத்துக்குப் போயிற்று. இரண்டாவது செம்பு. ஒரு காதை மட்டும் ஆட்டியது. கூட்டம் ஹோவென்றது. "காது கணக்கில்ல!" என்று பூசாரி அதட்டினார். மூன்றாவது செம்பைத் தலையிலிருந்து வால்வரை நிதானமாக ஊற்றினார். கிடா கண்ணை மூடி மூடித் திறந்தது. நேற்று ஒரு ஆயுசுக்கு நடுங்கித் தீர்த்த உடம்பு அது, உதறுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். கங்காணி என் காலை மிதித்தார்.

மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். உதறவில்லை என்றால் அம்மன் வேண்டாம் என்கிறாள் என்றும் சொல்லலாம். சொன்னால் அப்புறம் அந்தத் தோட்டத்தில் யாரும் அதை அழிக்க முடியாது. செல்லாயி ஒரு கையில் பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். இமைக்கவில்லை. நேற்று ஊர் நடுவில் என்னிடம் பேச்சு வாங்கியவர் அந்த மனிதர். அந்தக் கோபத்தை இன்று யார்மேல் வேண்டுமானாலும் இறக்கியிருக்கலாம். என் வாழ்க்கையில் முதல்தரமாக, வாயை அடக்கியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார்.

"ஆத்தா உசுரக் கேக்கல" என்றார். அந்தப் பெரிய குரல் இப்போது சின்னதாக வந்தது. "உசுரோட எங்கிட்டயே இருக்கட்டுங்குறா. எடுத்துக்கிட்டா, தாயி. எடுத்துக்கிட்டா."

காது நுனியில் அடையாளம் போட்டு, கழுத்தில் ஒரு மணி கட்டி அவிழ்த்துவிட்டார்கள். இனி அது கோயில் கிடா, யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்ட முடியாது. செல்லாயி மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவள் வெகுநேரம் எழவில்லை. கறி குறைந்துபோன வருத்தம் சிலர் முகத்தில் இருந்தது. அதையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். நான் பூசாரியிடம் போய் ஒரு தட்டுக் கற்பூரத்தை நீட்டினேன். "கடைக் கணக்கா?" என்றார். "இல்லை, என் கணக்கு" என்றேன். வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். காலிக் கூடைகளோடு இறங்குகிற வழி சுலபம், யோசிக்கவும் நேரம் இருந்தது. எங்கள் பதுளையில் எல்லாவற்றுக்கும் பெயரும் தெரியும், குணமும் தெரியும். அரளி எது, ஊமத்தை எது என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். நம் பாட்டன் பூட்டன் தின்று பார்த்து, செத்துப் பார்த்துச் சேர்த்து வைத்த அறிவு அது. இந்த மேல்மலைக்கு ஜனங்கள் வந்து ஒன்றிரண்டு தலைமுறைதான் ஆகிறது. பெயரை வைத்துவிட்டார்கள், குணத்தைத்தான் இனிமேல் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தடவை அது ஒரு உயிரும் போகாமல் தெரிந்தது. சிவப்பு மரங்கள் வழிநெடுக நின்றன. ஒரு கொத்துப் பறித்தேன், கடையில் காட்டலாமென்று.

பாதை திரும்புகிற இடத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். செல்லாயி தன் தேயிலை வரிசையை விட்டு இறங்கி ஓடிவந்தாள். முதுகில் கூடை, தலையில் மடித்துப் போட்ட கம்பளி. முகம் தெளிந்திருந்தது. நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை.

"இனிமேல் நீ பயப்படவே வேண்டாம்மா" என்றேன். "சாமி கோபம் எதுவும் இல்லை. நடுங்க வைத்தது இந்த இலை, பிழைக்க வைத்தது தேயிலை. கிடா நேற்று உதறாமல் நின்றதும் களைப்பில்தான். உன் பிள்ளைக்கும் அப்படித்தான், வந்தது காய்ச்சல், தீர்த்தது மருந்து. யாரும் உன்மேல் கோபித்துக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை."

அவள் பொறுமையாகக் கேட்டாள். என் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தாள். கொஞ்சம் சிரித்தாள்.

"ஐயா சொல்றது சரியாத்தான் இருக்கும். இனிமே அந்தக் கொழயத் தொட மாட்டேங்க, லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா மருந்துதான் பொழைக்க வச்சுச்சுன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"ரெண்ட மண்ணுல போட்டவ நான். மருந்து நாளைக்கு என் மொகத்த ஞாபகம் வச்சிருக்குமாங்க? கொடுத்தவன்னு ஒருத்தி இருந்தாத்தானே, நாளைக்கும் அவ வாசல்ல போயி நின்னு கேக்க முடியும்?"